வெள்ளைச் சீலை

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

கட்டிலின் மேல் கல்யாணச் சீலை விரிந்து கிடந்தது. வெள்ளைப் பட்டு. ஓரத்தில் மெல்லிய சரிகை. ஆலயத்தில் தாலி கட்டிய அன்று உடுத்தியது. அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

அறை முழுக்க அந்துருண்டை வாசம்.

அந்த ஊரில் பெண்கள் வெள்ளைச் சீலையை இரண்டு முறைதான் உடுத்துவார்கள். கல்யாணத்துக்கு ஒரு முறை. சவப்பெட்டியில் படுக்கும்போது ஒரு முறை. நடுவில் அவ்வப்போது வெயில் காட்டி, மடிப்பு மாற்றி, மறுபடி பூட்டி வைப்பார்கள்.

சாவுக்கு இவ்வளவு முன்னேற்பாடு.

வயிற்றில் இருப்பதற்கு மட்டும் ஒரு முழத் துணி கூடாது. பிறக்கும் முன்னே பிள்ளைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது, கண் பட்டுவிடும். காலையும் மாலையும் வேதம் வாசிக்கிற வீடுதான். அந்தப் பயமும் அதே வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவளும் சொன்னபடி கேட்டு நடந்தவள்தான். முதல் பிள்ளைக்கு ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. இரண்டாவதற்கும் அப்படியே.

இரண்டுமே அழாமல் பிறந்தன.

ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றி, கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாக வைத்துவிட்டு வந்தார்கள். பெயர் இல்லை. உடுப்பு இல்லை.

இத்தனைக்கும் அவள் தையல்காரி. சபையில் எத்தனையோ குழந்தைகள் அவள் தைத்த ஞானஸ்நான அங்கியைப் போட்டுக்கொண்டுதான் போதகர் கைக்குப் போயின. இரண்டாவதும் போன பிறகு அங்கி கேட்டு யாரும் வரவில்லை. பாவாடை, ரவிக்கை என்றால் வந்தார்கள். வெள்ளைத் துணி மட்டும் டவுனுக்குப் போயிற்று. காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்போது எட்டாம் மாசம்.

நேற்று டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

இன்று காலை ஜெபத்தில் மாமியார் ஞானப்பூ உருகி உருகிக் கேட்டாள். உமக்குச் சித்தமானால் இந்தப் பிள்ளையைத் தாரும் ஆண்டவரே. புருஷன் ஆசீரும் அப்படியே சொன்னான். போன வாரம் போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தபோதும் அதே.

சித்தமானால். சித்தமானால்.

ஆண்டவர் நைஸாக நழுவிப் போக ஆளாளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள்.

அவள் முறை வந்தது.

பிள்ளைக்கு அங்கி தைக்கப்போகிறேன், அதைப் போட்டுக்கொள்ள ஆளை நீர் அனுப்பும் என்றாள். ஆமென் என்றாள்.

ஆசீர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

அவள் நேரே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். சீலையை விரித்து, நீலச் சாக்பீஸால் அங்கிக்குக் கோடு போட்டாள்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயந்தும் பார்த்தாயிற்று, இரண்டு தடவை. அது எந்தப் பிள்ளையையும் காப்பாற்றித் தரவில்லை. இனி அதற்கு இந்த வீட்டில் சோறு கிடையாது.

வெட்டினாள்.

பட்டு முதலில் முரண்டு பிடித்தது. பிறகு வழிவிட்டது. முந்தி தனியே கழன்று அவள் மடியில் விழுந்தது.

கத்தரிக்கோல் சத்தம் கேட்டு ஞானப்பூ அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? நாளைக்கு ஒன்ன அடக்கம் பண்ணும்போது எதைட்டி கட்டிவிட?"

அவள் நிமிர்ந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"அன்னைக்கு இது எடுத்துத் தரும் அத்தை. புதுச் சீலையா."



ஞானப்பூ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மருமகள் மடியில் கிடந்த முந்தியைப் பார்த்தாள். மீதிச் சீலையின் மேல் சாக்பீஸால் வரைந்திருந்த அங்கியைப் பார்த்தாள். சின்னக் கழுத்து. சின்னக் கை.

அந்த இரண்டு பிள்ளைகளையும் துண்டில் சுற்றியது ஞானப்பூவின் கைதான். அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை.

இனித் திட்டு விழும், இல்லையென்றால் அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள்.

ஞானப்பூ கையைத் தன் சீலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். விரல்களை விரித்து, சாக்பீஸ் கழுத்திலிருந்து கீழே சாண் போட்டு அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"நீளம் காணாதுட்டி," என்றாள். "ஆசீரு பொறக்கும்போதே நல்ல வளத்தி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோடு சரியாகத் தெரியவில்லை.

ஞானப்பூ சீலையின் மறுமுனையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடித்தாள்.

அவள் பழைய கோட்டைத் தட்டி அழித்தாள். நாலு விரல் கீழே தள்ளி, அழுத்தமாக, புதுக் கோடு போட்டாள்.