பட்டனின் வயது

"வாங்க தம்பி. ஏமாந்தீங்க, இன்னிக்கும் சாகல," என்றபடி கதவைத் திறந்தார் தையல்காரர்.

தொழிலை விட்டு மூன்று வருடமாகியும் அவர் கழுத்தை விட்டு அளவு நாடா இறங்கவில்லை. மேசைக்கடியில் பட்டன் கேரட் கொறித்துக்கொண்டிருந்தது. வெள்ளை முயல், ஒரு காதில் மட்டும் கறுப்புப் புள்ளி.

"வயசு ஒன்பது. துள்ளலைப் பாருங்க."

வந்தவர், அகழாய்வில் கிடைக்கும் சின்னப் பிராணிகளின் எலும்புகளை ஆராய்பவர். பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுத் தரையில் கிடைத்த ஒரு முயலின் கால் எலும்பில் மூட்டு முதுமையால் வீங்கியிருந்தது. காட்டில் எந்த முயலும் அந்த வயது வரை தப்பாது. யாரோ செல்லமாக வளர்த்திருக்க வேண்டும். அதை நிரூபிக்க, வீட்டிலேயே வளர்ந்து கிழடான முயலின் எலும்பு ஒன்று வேண்டும். பட்டன் தானாகச் செத்தால் தருவதாகத் தையல்காரர் வாக்குக் கொடுத்து ஒரு வருடமாகிறது. அன்று முதல் சனிக்கிழமைதோறும் வருகை, டீ, செஸ்.

"என் முயல் எப்ப சாகும்னு டீ குடிச்சுக்கிட்டே காத்திருக்கிற ஒரே ஆள் நீங்கதான்."

"நான் என்ன எமனா அண்ணே? அது நல்லா இருக்கட்டும். உங்க குதிரையைப் பாருங்க, போகப்போகுது."

"இந்த மாசம் ரிப்போர்ட் கொடுக்கணும்னீங்களே?"

"அது கிடக்குது."

இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டு வந்தவர் எழுந்தார். வாசல் வரை கூடவே வந்த தையல்காரரின் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"நான் கொடுத்த எலும்பு பொருந்துச்சா?"

"அச்சு அசல் அண்ணி. அதே வீக்கம். அந்தக் காலத்துலயும் ஒரு கிழட்டு முயலை யாரோ உட்கார வச்சு சோறு போட்டிருக்காங்க. ரிப்போர்ட் அனுப்பிட்டேன்."

"நல்லவேளை. இவர் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருந்தப்ப பட்டன் போச்சு. எட்டுக் கடை ஏறி இறங்கி இதைப் பிடிச்சேன். தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சுபோயிடுவார். நீங்க வர்றதை நிறுத்திடாதீங்க, சந்தேகம் வந்துடும்."

"சனிக்கிழமை வரேன் அண்ணி."

உள்ளே தையல்காரர் முயலை மடியில் தூக்கி வைத்து, காதின் மேல் நாடாவை ஓட்டினார்.

"அரை இன்ச் குறையுது. இதுகூடத் தெரியாமலா நாப்பது வருஷம் அளவெடுத்தேன்?" என்றார் அதன் காதருகே. "நீ வெளியில சொல்லிடாதே. பட்டன் போனது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அப்புறம் அவர் எதுக்கு இங்க வரப்போறார்?"