ஆறிய வெட்டு

ஆயுதபூசை விடுமுறை முடிந்து திறந்த பெரம்பலூர்க் கல்லூரி ஆய்வகத்தில் மதிய வெயில் மேசைவரை நீண்டு கிடக்கிறது. கருவிகளுக்கெல்லாம் குங்குமம் வைத்த உதவியாளர் அம்சவள்ளி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். ஆராய்ச்சி மாணவி அபிநயா கத்தியைத் துடைக்காமலே எடுத்து, நுங்கு போன்ற ஜெல் கட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளைச் சேர்த்து வைக்கிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. பசை எதுவும் தடவாமலே விளிம்புகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்கின்றன. அபிநயா தூக்கி இழுக்கிறாள். நீள்கிறதே தவிர பிரியவில்லை. "பாத்தீங்களாக்கா, தானா ஆறிடுச்சு. வெட்டுன தடமே இல்ல." வெயிலில் தூக்கிப் பிடித்த கட்டியின் நடுவே குங்குமம் ஒரு கோடாக நிற்கிறது. பார்க்கப் பார்க்க மெல்லக் கசிந்து விரிகிறது. அம்சவள்ளியின் கை சேலைக்கு மேலாக, அடிவயிற்றின் பழைய தையல் தழும்பைத் தேடிப் போகிறது. "வெளிய ஆறிடுச்சு பாப்பா," என்கிறாள். "உள்ள?"