கம்ப்யூட்டர் போட்ட வளைவு

கொங்குச் சீமையின் குழாய் வரலாற்றில் புதிய யுகம் பிறந்துவிட்டதாகச் சாயப்பட்டறை முதலாளி நஞ்சுண்டன் அறிவித்தார். "இனிமே கம்ப்யூட்டர் வரையற மாதிரிதான் பைப்பு ஓடோணும். ஒரு இஞ்ச் மாறினாலும் உங்களுக்கு வேலை இல்லீங்க, பாய்!"

ஃபிட்டர் ஷேக் பரீதோ, கம்ப்யூட்டர் படம் வருவதற்கு முன்பே நீராவிக் குழாயை மாட்டி முடித்திருந்தார்.

படத்தை விரித்துச் சரிபார்த்தார்கள். அச்சு அசல். குறுக்கே நின்ற சாரக்கம்புக்காக அவர் போட்ட வளைவுகூடப் படத்தில் அப்படியே இருந்தது. அந்தக் கம்பைப் பிடுங்கி ஒரு வாரமாகிறது.

"இந்த வளைவெல்லாம் மனுச மூளைக்கு எட்டுமா?" என்று முதலாளி பூரித்தார்.

பரீது, படம் வரைந்த அருண்குமாரை ஓரமாகக் கூட்டிப் போனார். "கம்பு நின்னது கம்ப்யூட்டருக்கு எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

"எந்தக் கம்புங்க? நேத்து உங்க பைப்பை டேப் வெச்சு அளந்துதானுங்க வரைஞ்சேன்."