சின்னதா, வேகமா ஒரு கார்

"முன் சீட்டு எவ்வளவு தூரம் பின்னால சாயும்?"

தம்பி இப்படிக் கேட்டதும் அக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கார் ஷோரூமில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது?

"படுக்கை மாதிரியே சாயும் சார்." சேல்ஸ்மேன் லீவரை இழுத்துச் சாய்த்துக் காட்டினார்.

சிவப்பு நிறத்தில், குட்டையாக, பாயப் பதுங்கியது போல் நின்றிருந்தது கார். தம்பிக்கு பஸ் டிப்போவில் குமாஸ்தா வேலை. இத்தனை வருஷமும் ஒரு பழைய ஸ்கூட்டரில் ஓரமாகவே போய் ஓரமாகவே வந்தவன்.

"கிளம்பின உடனே வேகம் எடுக்குமா?"

"சும்மா பறக்கும் சார். இந்த சைஸ்ல இதைவிட வேகமான வண்டி எங்ககிட்ட இல்ல."

"குழியில இறங்கினா தூக்கிப் போடாதே?"

"உள்ள இருக்கறவங்க தூக்கம் கலையாது சார். விலை கூடன்னா, அதுக்குத்தானே?"

தம்பி குனிந்து, சீட்டைத் தடவிப் பார்த்தான். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"இந்தக் காசுக்கு அதோ, அந்தப் பெரிய வண்டியே வருமேடா. இது காலேஜ் பசங்க ஊர் சுத்தற வண்டி."

"பெருசு வேண்டாம்க்கா."

"அவளோட இன்சூரன்ஸ் பணம்டா இது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? யாருக்குடா இதெல்லாம்? யாரைப் பக்கத்துல சாய வெச்சுக் கூட்டிட்டுப் போகப் போற?"

அவன் காரின் பக்கமே திரும்பிப் பார்த்தான்.

"அவ போனதுலேர்ந்து எனக்கு இன்னும் தூக்கம் இல்ல. சந்து முனையிலயே ஆம்புலன்ஸை நிறுத்திட்டு, உள்ள வர முடியாதுன்னானே அந்த டிரைவர், அவனை நான் சபிக்காத நாள் இல்ல. நாற்காலியில உக்கார வெச்சு நீ தூக்கிட்டு ஓடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீ என்னடான்னா..."

"அந்த டிரைவரைத் திட்டாதக்கா," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"உனக்கு மறந்துபோச்சு. அதான்."

ஓட்டிப் பார்க்க வண்டி தயார் என்றார்கள். "நீயும் ஏறுக்கா" என்றான். மாட்டேன் என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். ஷோரூம் டிரைவர் பக்கத்தில் உட்கார, தம்பி ஓட்டிக்கொண்டு போனான்.

சேல்ஸ்மேன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி இதுக்கு முன்னாலயும் வந்திருக்கானா? கூட யாராவது பொண்ணு..."

"தனியாத்தாம்மா வந்தாரு. கையில ஒரு டேப். ஒவ்வொரு வண்டியா அகலம் அளந்தாரு. ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கச் சொல்லி மறுபடி அளந்தாரு."

"அகலமா? எதுக்கு?"

"அவரு சம்சாரத்துக்கு நேர்ந்தது உங்களுக்கும் தெரியுமேம்மா. இப்ப வீட்டுல இருக்கற அப்பாவுக்கும் நெஞ்சு சரியில்லையாமே. திடீர்னு ஒண்ணுன்னா வீட்டு வாசல்லயே வண்டி வந்து நிக்கணும், அவரைப் படுக்க வெக்கணும், குலுங்காம சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரணும். அதுக்குத்தான் இவ்வளவு தேடறாரு. சந்து முனை வீட்டுல யாரோ புதுசாப் படி கட்டி வெளிய இழுத்து விட்டிருக்காங்களாம். அது குறுக்க இருந்ததாலதான் அன்னிக்கு ஆம்புலன்ஸ் உள்ள போக முடியாம நின்னுடுச்சாம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

சந்து முனை வீடு அவளுடையது. படி ரொம்ப வெளியே வருதே என்று கொத்தனார் தயங்கியபோது, "ஒரு அடி வெளிய வந்தா யார் குடி முழுகிடப் போகுது?" என்று கேட்டவளும் அவள்தான்.

சேல்ஸ்மேன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"நானும் கேட்டேம்மா. எதுக்கு சார் இவ்வளவு செலவு, அந்த வீட்டுக்காரங்ககிட்ட படியை இடிக்கச் சொல்லலாமேன்னு. 'இடிக்கச் சொன்னா ஏன்னு கேப்பாங்க சார். காரணம் தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க'ன்னாரு."