ஒன்றை இரண்டாக்கியவர்

டயாலிசிஸ் நோயாளிகளின் முறையைத் திரையில் காட்ட, சபாபதி நாற்பது வரி நிரல் எழுதியிருந்தார். வாரத்துக்கு ஒரு பெரிய பட்டியல், அதற்குள் நாளுக்கொரு சிறு பட்டியல். ஒவ்வொன்றிலும் முதலில் தேதி, பிறகு பெயர்கள். புதிதாகச் சேர்ந்த நஸ்ரின் அதை ஒரே வரியில் முடித்தாள். கணினியில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், பூஜ்யமான தேதியை விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து பெயர்களை மட்டும் வெட்டி எடுத்திருந்தாள். மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பதினோரு வருடத்தில் சபாபதி எழுதிய எதையும் அவர் அப்படிக் காட்டியதில்லை. அவள் சாப்பிடப் போனதும், சபாபதி அந்த ஒன்றை இரண்டாக்கினார்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. டயாலிசிஸுக்கு வந்த ஒரு பஸ் டிரைவரை, அன்றைய பட்டியலில் முதல் பெயராக இருந்திருக்க வேண்டியவரை, பெயரில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவருக்கு மூச்சுத் திணறியிருக்கிறது.

"இப்ப எப்படி இருக்காராம்?" என்றார் சபாபதி.

"ஐசியூல சார். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்று அழுதாள் நஸ்ரின்.

சபாபதி அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டை அழித்து ஒன்று போட்டார்.

"ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டீங்களே! இனிமே நான் எழுதுறதையெல்லாம் நீங்க ஒரு தடவை பாத்துடுங்க சார்."

சபாபதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.