குங்குமத்தைத் தொட்ட விரல்

மண்டபத்தில் குங்குமத் தட்டு நீட்டுவதற்கு ரோபோ வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. எங்கள் தெருவே அதைப் பார்க்கத்தான் போனது. பெண்ணின் தாயார் பங்கயம், புருஷன் போன நாளிலிருந்து விசேஷங்களில் தூண் ஓரமாக நின்று பழகியவள். சொந்த மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் நின்றாள். சுமங்கலிகளுக்கெல்லாம் நீட்டிக்கொண்டே வந்த ரோபோ, அவள் எதிரிலும் நின்று, "எடுத்துக்கோங்கம்மா" என்றது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "பாவம், அதுக்கென்ன தெரியும்? பச்சைக் குழந்தை" என்று மாப்பிள்ளையின் அம்மா அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் பங்கயத்தின் விரல் அதற்குள் குங்குமத்தைத் தொட்டுவிட்டிருந்தது. "அதுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரிய வேணாமா, சம்பந்தியம்மா? தாலி ஏறுற நேரத்துல இப்படியா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பங்கயம் சிவந்த விரல் நுனியை எதில் துடைப்பதென்று தெரியாமல், யாருடைய விரலையோ பிடித்திருப்பது போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணவறையிலிருந்து மகள் பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்ல மணப்பெண்ணாகத் தலையைக் குனிந்துகொண்டாள். ரோபோவைக் கொண்டுவந்த ஆள் பதறி ஓடிவந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, செல்போனில் ஏதோ தட்டினார். அடுத்த சுற்றில் அது பங்கயத்தின் அருகே வந்ததும் தட்டைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டு விலகிப் போனது. "என்ன புத்தி பாருங்கடி, ஒரு தடவை சொன்னாப் போதும்!" என்று கைதட்டினோம்.