காபி கிளப்பில் ஒரு பந்தயம்

“அக்கட்டால போய்யா! தூங்கறதுன்னா ஊட்டுல போய்த் தூங்கு!”

செங்கோட்டையனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, ஆறு டம்ளர் காபியோடு பாய்ந்தான் தங்கமுத்து. கல்லாவில் இருந்த முதலாளி தண்டாயுதபாணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திருச்செங்கோட்டில் வேறு எந்தக் காபி கிளப்காரனுக்கு இந்த மூளை உண்டு?

நூல் பஞ்சத்தில் தறி நின்றுபோய் வேலை கேட்டு வந்தவர்கள் இருவரும். தங்கமுத்து இளவட்டம், ஊர் குமாரபாளையம் என்றான். செங்கோட்டையன் ஐம்பது தாண்டியவர், ராசிபுரம் என்றார். சொந்தக்காரர்களைச் சேர்த்தால் கூட்டுக் களவாணித்தனம் பண்ணுவார்கள் என்று தண்டாயுதபாணி ஊர் கேட்டுத்தான் ஆள் எடுப்பார்.

“இருக்கறது ஒரே வேலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெண்டு பேரும் செய்ங்க. ஜெயிச்சவன் இருக்கட்டும், தோத்தவன் தர்மக் கஞ்சித் தொட்டிக்குப் போகட்டும்” என்றுவிட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! ரெண்டு பேரும் நாலு ஆள் வேலை செய்தார்கள். ஒருவரோடொருவர் பேச்சே கிடையாது, முறைப்புதான். இருவர் தோளிலும் பச்சைக் கரை போட்ட பாதித் துண்டு. நெய்கிறவனுக்கே முழுத் துண்டுக்கு வழியில்லை பார் என்று முதலாளி சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அடுப்பிலிருந்து பால் குண்டாவை இறக்கிய செங்கோட்டையன் தடுமாறினார். கொதிக்கிற பால் முழங்கை வரை கொட்டியது.

“ஐயோ, பாலெல்லாம் போச்சே! பாழாப் போனவனே!” என்று குதித்தார் முதலாளி. “தங்கமுத்து, இந்த ஆளை வெளியே தள்ளு. வேலை உனக்குத்தான்.”

தங்கமுத்து ஒரு கணம் நின்றான். பிறகு அவர் பிடரியைப் பிடித்துத் தெருவில் தள்ளினான். கல் நெஞ்சுக்காரப் பயல், இவன்தான் நமக்கு லாயக்கு என்று மெச்சிக்கொண்டார் தண்டாயுதபாணி.

விளக்கு வைக்கிற நேரத்தில், காபிச் சக்கை கொட்டப் போனவன் திரும்பவில்லை. இரண்டு அதட்டல் போடலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வேலியோரம் செங்கோட்டையன் உட்கார்ந்திருந்தார். தங்கமுத்து இரண்டு பாதித் துண்டையும் சேர்த்து முடிந்து, வெந்த கையில் சுற்றிக்கொண்டே விம்மினான்.

“குண்டாவைக் கீழ போடறேன்னுதானே சொன்னீங்கப்பா? கையில ஏனுங்க ஊத்திக்கிட்டீங்க?”

“சும்மா போட்டா அந்த ஆளு நம்பமாட்டானே, சாமி.”